பந்தல் கம்பியில் தொங்கிய இருபது கிலோ

அன்றைக்குத் தோட்டத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர். அவருடைய தம்பி, அதாவது என் கொழுந்தன். அவர்கள் இரண்டு பேருக்கும் மூத்தவர், என் நாத்தனார். அப்புறம் நான். இதோடு இருபது கிலோ எடைக்கல் ஒன்று. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நடந்தது 2005-ஆம் வருஷம். ஓடைப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். பேச்சும் குறைவு. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்களுக்குத் திராட்சைதான் பிழைப்பு. திராட்சை வேலை எல்லாமே தலைக்கு மேலே. கொடி கட்டுவது, இலை கிள்ளுவது, காய் கழிப்பது எதுவானாலும் பந்தலுக்கு அடியில் அண்ணாந்து நின்று, இரண்டு கையையும் மேலே தூக்கித்தான் செய்ய வேண்டும். காலையில் தூக்கின கை சாயங்காலம்தான் இறங்கும். சொந்த வேலை முடிந்தால் அடுத்த தோட்டத்துக்குக் கூலிக்குப் போவேன். அங்கேயும் அதே வேலைதான்.

அந்த வருஷம் பழப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வரும்போது வாய்க்காலில் வழுக்கி விழுந்தேன். வலது தோளில் எலும்பு கீறிவிட்டது. தேனியில் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டுப் போட்டோம். கட்டுப் பிரித்த அன்று கையைத் தூக்கிப் பார்த்தேன். காது வரைக்கும் வந்தது. அதற்கு மேலே போகவில்லை. போகச் சொன்னால் தோளுக்குள் யாரோ ஆணி வைத்து அடிப்பதுபோல இருந்தது.

கை பந்தலை எட்டவில்லை என்றால் எனக்கு வேலை இல்லை. சொந்தத் தோட்டத்துக்கு ஆள் வைக்க எங்களுக்கு வசதி இல்லை. அடுத்த கவாத்துக்குள், அதாவது அடுத்துக் கொடி வெட்டிவிடுகிற பருவத்துக்குள், கை மேலே போயாக வேண்டும். வேறு வழி கிடையாது.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற பொண்ணு ஒன்று இருந்தது. சின்ன வயசு. அது சொன்னது, "அக்கா, எலும்பு கூடிருச்சு. சதைதான் சும்மா கெடந்து வீம்பு புடிக்குது. தெனமும் இங்கன வர வேணாம். சின்ன எடையா வாங்கி வச்சு வீட்லயே தூக்குங்க. கை கேக்குற அளவுக்கு மட்டும்."

இதைக் கேட்டதும் கொழுந்தனுக்குக் கொண்டாட்டம். அவர் சின்னமனூரில் ஒரு மாசம் ஜிம்முக்குப் போனவர். அதை வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருப்பார். "அண்ணே, மதினிக்கு வீட்லயே ஒரு ஜிம்மு போட்ருவோம். நான் பாத்துக்கறேன்" என்றார். ஊருக்குள் அன்றைக்கே செய்தி போய்விட்டது. குழாயடியில் ஒருத்தி கேட்டாள், "என்னத்தா, பயில்வானாகப் போறியாமே? எங்க வீட்டு ஆள ரெண்டு தட்டுத் தட்டிட்டுப் போ." நான் குடத்தை இடது இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நாங்கள் மூன்று பேரும் தேனிக்குப் போனோம். விளையாட்டுச் சாமான் விற்கிற கடை. உள்ளே நுழைந்ததும் கடைக்காரர் என் வீட்டுக்காரரையும் கொழுந்தனையும் பார்த்து, "யாருக்குண்ணே?" என்றார். கொழுந்தன் என்னைக் காட்டினார். கடைக்காரர் ஒரு நிமிஷம் யோசித்தார்.

"அக்காவுக்கா? உடம்பு கொறைக்கவா?"

"அவ உடம்புல கொறைக்க என்ன இருக்கு? கூட்டுறதுக்கு வந்திருக்கோம்" என்றார் என் வீட்டுக்காரர்.

அதற்கப்புறம் என்னை யாரும் கேட்கவில்லை. கடைக்காரர் அவர்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். படுத்துத் தூக்குகிற பெஞ்சைக் காட்டினார். ஸ்பிரிங் வைத்து இழுக்கிறதைக் காட்டினார். கடைசியில் மூலையில் ஒரு மெஷின். ஆள் உயரத்துக்கு மேலே இரும்புச் சட்டம், உச்சியில் கப்பி, கப்பி மேலே வடம். வடத்தின் ஒரு முனையில் கைப்பிடி, இன்னொரு முனையில் எடை. உட்கார்ந்துகொண்டு கைப்பிடியைக் கீழே இழுத்தால் அந்தப் பக்கம் எடை மேலே போகும். விட்டால் கீழே வரும். கொழுந்தன் அதில் உட்கார்ந்து நாலு தடவை இழுத்தார். இறங்க மனசில்லை.

நான் வாசல் பக்கத்துக் கண்ணாடி அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் சின்னச் சின்ன டம்பெல் ஜோடி ஜோடியாக இருந்தது. ஊதா நிறத்தில் ஒரு ஜோடி. ரொம்பச் சின்னது. வலது கையில் ஒன்றை எடுத்தேன். தோள் வலிக்கவில்லை. மெல்லத் தூக்கினேன். காது வரைக்கும் வந்து, அதற்கு மேலே இம்மி போனது. திரும்ப வைத்துவிட்டு இன்னொரு தடவை எடுத்தேன்.

கொழுந்தன் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மதினி, அதை வச்சுத் தேங்காகூட ஒடைக்க முடியாது. வீட்ல இருக்குற சீனிப் பொட்டலம் அதவிடக் கனம்."

கடைக்காரரும் சிரித்தார். நான் அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

மெஷின் விலை எங்களுக்கு ஒத்துவரவில்லை. கொழுந்தன் அதைச் சாணாலும் விரலாலும் அளந்து மனசில் வைத்துக்கொண்டார். வெளியே வந்ததும், "இத நானே செஞ்சிருவேன் அண்ணே. இதுல என்ன கெடக்கு?" என்றார். கடையில் வாங்கினது ஒரு ஜோடிக் கையுறை மட்டும். பஸ்ஸில் வரும்போது அதைக் கொழுந்தன்தான் போட்டுக்கொண்டு வந்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். கொழுந்தனுக்குத் தொழிலே பந்தல் போடுவதுதான். கல் ஊன்றி, கம்பி இழுத்து, முறுக்கிக் கட்டுவதில் எங்கள் பக்கம் அவரை மிஞ்ச ஆள் இல்லை. கடமலைக்குண்டு வரைக்கும் கூப்பிட்டுப் போவார்கள்.

வீட்டை ஒட்டி எங்களுக்குப் பழைய பந்தல் ஒன்று இருந்தது. கொடி செத்துப்போய் வெட்டிவிட்டோம். கல்தூண்கள் மட்டும் நின்றன. இரண்டு தூணுக்குக் குறுக்கே இரும்புக் குழாயை வைத்துக் கட்டினார். நடுவில் கிணற்றுக் கப்பி. கைப்பிடிக்கு ஒரு மண்வெட்டிக் கணை. எடைக்கு எங்கள் வீட்டு எடைக்கல்லே இருந்தது. முன்பு பழம் நிறுக்க வைத்திருந்தது. எலெக்ட்ரானிக் தராசு வந்த பிறகு மூலையில் கிடந்தது. ஐந்து, பத்து, இருபது.

கப்பி மேலே போடுவதற்கு வீட்டுக்காரர் கயிறு எடுத்துக்கொண்டு வந்தார். கொழுந்தன் வேண்டாம் என்றார்.

"கயிறு நைஞ்சு போகும் அண்ணே. இழுவை குடுக்கும். பந்தக் கம்பிய மூணு இழை முறுக்கிப் போடுறேன். ஒரு ஏக்கர் காயத் தாங்குற கம்பி. மதினி கைய்யத் தாங்காதா?"

பந்தல் கம்பி அறுந்து நாங்கள் பார்த்ததில்லை. காற்றிலும் மழையிலும் பழம் குலை குலையாகத் தொங்கும்போதும் அது நிற்கும். எங்கள் சோறே அந்தக் கம்பியில்தான் தொங்குகிறது. அதை நம்பாமல் எதை நம்புவது?

முதலில் ஐந்து கிலோ கல்லில் ஆரம்பித்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் கணையைப் பிடித்துக் கீழே இழுப்பேன். விடும்போது எடை என் கையை மேலே இழுக்கும். அப்போதுதான் உயிர் போகும். நான் சொல்லிக்கொள்ளவில்லை. பல்லைக் கடித்துக்கொள்வேன். அவர்கள் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இழுக்குது" என்று பத்து கிலோவை மாட்டினார்கள். ராத்திரி தோள் வீங்கும். நாத்தனார்தான் கண்டுபிடித்தார். எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டு, "ஏலே, அவ கையா, கெணத்துல கவலை இழுக்குற மாடா? இப்படிப் போட்டு இழுக்க விடுறீக" என்று தம்பிகளைத் திட்டினார்.

"கவாத்து வருதுக்கா. மெல்லமாப் போனா எப்ப எட்டுறது?" என்றார் என் வீட்டுக்காரர். அவர் சொன்னதிலும் தப்பில்லை. அந்தப் பயம் எனக்கும் இருந்தது.

கம்பி சத்தம் கொடுக்க ஆரம்பித்தது. இழுக்கும்போது கப்பிப் பக்கம் 'கிரிச்' என்று ஒரு சத்தம். கொழுந்தனிடம் சொன்னேன். ஏறிப் பார்த்தார். "கப்பிக்கு எண்ணெ இல்ல மதினி" என்று கொஞ்சம் எண்ணெய் விட்டார். சத்தம் நின்றது. நானும் விட்டுவிட்டேன்.

அந்த நாள் வந்தது. காலை நேரம். பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடிக்கிற மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நாத்தனார் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். கொழுந்தன் இருபது கிலோ கல்லை மாட்டினார்.

"இன்னிக்கு இத இழுத்துட்டா மதினி, நாளைக்கு நீங்க பந்தலயே புடுங்கிருவீக."

"அவ புடுங்குறது இருக்கட்டும், மொதல்ல உன் வாயத் தைக்கணும்" என்றார் நாத்தனார்.

நான் கணையைப் பிடித்தேன். கை மட்டும் போதவில்லை. உடம்பையே முன்னால் சாய்த்து இழுத்தேன். கணை என் மடிக்கு வந்தது. எதிரே கல் எழும்பி நெஞ்சு உயரத்துக்குப் போய் நின்றது. லேசாகச் சுற்றியது.

அப்போதுதான் என் வீட்டுக்காரருக்கு ஒரு யோசனை. கல் இறங்கும்போது தரையில் மோதிக் குழி விழுந்துகொண்டிருந்தது. பழைய மொபெட் டயர் ஒன்றைத் தூக்கி வந்தார். "அப்படியே புடிச்சுக்க. விட்றாத" என்று சொல்லிவிட்டு, கல்லுக்கு நேர் கீழே குந்தினார். டயர் நகராமல் அண்டை கொடுக்கச் சில்லுக்கல் எடுத்துவரச் சொல்லித் தம்பியை அனுப்பினார். கொழுந்தன் வாய்க்கால் பக்கம் போனார்.

நான் பிடித்துக்கொண்டு இருந்தேன். எனக்கு எதிரே அவர் தலை. தலைக்கு மேலே கல்.

'டிக்' என்றது.

அண்ணாந்து பார்த்தேன். கப்பி மேலே கம்பி வளைகிற இடத்தில் ஒரு இழை விட்டு, முடிபோல வெளியே துருத்திக்கொண்டு நின்றது. மூன்றில் ஒன்று போய்விட்டது.

கணையை விட்டால் கல் அவர் தலையில். மெல்ல விட்டாலும் இறங்குவது அவர் மேலேதான். பிடித்துக்கொண்டிருந்தால் கம்பி அறுந்து கல் அவர் தலையில். எனக்கு அந்த நேரத்தில் தோள் வலி தெரியவில்லை. கணை அசைந்தால் கம்பி அதிர்கிறது. அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க" என்றேன்.

"இரு" என்றார்.

நான் 'ஏங்க' என்றால் அவர் 'இரு' என்பார். கல்யாணம் ஆனதிலிருந்து அதுதான். சோறு ஆறுகிறது என்றாலும் அதே. வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறது என்றாலும் அதே.

"ஏங்க, நகருங்க."

"இரு இரு, டயரு உக்காரட்டும்."

மருந்தடிக்கிற மோட்டார் சத்தத்தில் என் குரல் அவருக்கு எப்படிக் கேட்டதோ. எனக்குக் குரலும் பெரிசு கிடையாது. நாத்தனார் மொச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி 'டிக்' என்றது. இரண்டாவது இழை. மிச்சம் ஒன்றுதான். அது என் கண் முன்னாலேயே வளைவில் வெள்ளையாகத் தெரிந்தது. கல் ஒரு விரற்கடை கீழே இறங்கி நின்றது. அவர் இன்னும் டயரை அப்படியும் இப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கம் பெண்கள் வீட்டுக்காரர் பேரைச் சொல்லமாட்டோம். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவளைச் சொல்லச் சொல்வோம். கோயிலில் அர்ச்சனைக்கு அவரே சொல்லிக்கொள்ள வேண்டும். நானும் அதுவரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

அவர் பேரைச் சொல்லிக் கத்தினேன். அப்பா அம்மா வைத்த முழுப் பேரையும்.

பாம்பை மிதித்த ஆள் மாதிரி அவர் பின்னால் துள்ளினார். துள்ளி, கையை ஊன்றி உட்கார்ந்து, என்னைப் பார்த்தார். டயர் மட்டும் அங்கேயே கிடந்தது.

கம்பி அறுந்தது.

கல் டயர்மேல் விழுந்து எம்பி, கல்தூணில் மோதியது. தூணில் ஒரு சில்லு பெயர்ந்து போனது. நான் ஸ்டூலோடு பின்னால் விழுந்தேன். கம்பி முனை சுழற்றிக்கொண்டு வந்து என் புருவத்தைக் கிழித்தது. ரத்தம் கண்ணுக்குள் வந்தது. துடைத்துவிட்டு முதலில் அவர் தலையைத்தான் பார்த்தேன். தலை இருந்தது.

நாத்தனார்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஏத்தா... என் தம்பி பேரையா சொன்ன நீ?"

நாத்தனார் அதுவரை கல்லைப் பார்க்கவே இல்லை. அப்புறம்தான் டயரைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். தூணைப் பார்த்தார். மடியில் இருந்த மொச்சை எல்லாம் கீழே கொட்டியது. ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். "இன்னொருக்காச் சொல்லுத்தா. ஆயிரந்தடவ சொல்லு. எவ கேக்குறா பாக்கலாம்" என்றார்.

கொழுந்தன் மடி நிறையச் சில்லுக்கல்லோடு ஓடி வந்தார். அறுந்த கம்பியைக் கையில் எடுத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். முகம் வெளிறிப்போய்விட்டது.

"கம்பி மேல குத்தம் இல்ல மதினி" என்றார்.

பந்தல் வேலையில் கட்டர் கையில் இல்லாதபோது கம்பியை எப்படி அறுப்பார்கள் என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஒரே இடத்தில் மடக்கி நிமிர்த்தி, மடக்கி நிமிர்த்தி விட்டால் தானாக விட்டுப்போகும். கொழுந்தன் அதைத் தினம் செய்கிறவர். நானும் செய்திருக்கிறேன். கப்பி மேலே நான் ஒவ்வொரு தடவை இழுத்து விட்டதும் அதேதான். பந்தலில் அந்தக் கம்பி அசையாமல் நிற்கிறது, அதனால் தாங்குகிறது. இங்கே அதை அறுப்பதற்கு என்ன செய்ய வேண்டுமோ அதையே நாங்கள் நாள் தவறாமல் செய்திருக்கிறோம். நாலு பேருக்கும் தெரிந்த விஷயம். ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

கொழுந்தன் அன்றைக்கே குழாயையும் கப்பியையும் கழற்றிப் போட்டுவிட்டார். சாப்பிடவில்லை. நான் தட்டில் போட்டுக்கொண்டுபோய் வைத்து, "சாப்பிடுங்க. ஒங்க அண்ணன் நல்லாத்தான இருக்காக" என்றேன். அப்புறம் சாப்பிட்டார்.

புருவத்தில் தையல் போட்டார்கள். தழும்பு இருக்கிறது.

மறுநாள் என் வீட்டுக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் தேனிக்குப் போனார். மத்தியானம் வந்தார். மஞ்சப்பையிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தார். அந்த ஊதா டம்பெல் ஜோடி.

"அன்னிக்கு ரெண்டு தடவ எடுத்து எடுத்து வச்சேல்ல" என்றார்.

"பாத்தீகளா?"

"பாத்தேன்."

"அப்பறம் ஏன் கேக்கல?"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன்."

நான் அந்த ஜோடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அப்புறம் அவர் மெல்ல, "நேத்துக் கூப்பிட்டியே, அது மாதிரி இன்னொருக்காக் கூப்பிடேன்" என்றார். சிரிப்பு வந்தது. கூப்பிடவில்லை. இன்று வரைக்கும் கூப்பிடவில்லை. தேவை வந்தால் கூப்பிடுவேன். ஆனால் ஒன்று, நான் 'ஏங்க' என்றால் இப்போது அவர் 'இரு' என்பதில்லை. எழுந்து வருகிறார்.

அந்தக் கவாத்துக்கு என் கை எட்டவில்லை. நாத்தனார் எனக்குப் பதிலாக வந்து பந்தலுக்கு அடியில் நின்றார். நான் காலையிலும் சாயங்காலமும் அந்த ஊதாவைத் தூக்கினேன். பயிற்சி கொடுக்கிற பொண்ணு சொன்னபடி, கை கேட்கிற அளவுக்கு மட்டும். கை முதலில் நெற்றிக்கு வந்தது. அப்புறம் உச்சந்தலைக்கு. அடுத்த கவாத்து முடிந்து கொடி தளிர்த்தபோது பந்தல் கம்பியை விரலால் தொட்டேன். அதைத் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

இருபது கிலோ கல் இப்போது மாட்டுக் கொட்டகைக் கதவுக்கு அண்டையாகக் கிடக்கிறது. கதவைத் திறக்கும்போதெல்லாம் அவர் தலை ஞாபகத்துக்கு வரும்.

வீட்டில் வைத்துத் தூக்க என்ன வாங்கலாம் என்று யாராவது கேட்டால், தூக்கப்போகிற ஆளைக் கேளுங்கள் என்பேன். அந்த ஆளும் வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். நான் அன்றைக்குக் கடையிலேயே சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்ப வைத்தேனே, அதன் எடை:

அரைக் கிலோ.